ஓட இயலாதார் உறையும் மனைகள்: மின்காப்பும் தீக்காப்பும்

மகாவலி கங்கையின் நீர் பொல்கொல்லையிலே மறிக்கப்பட்டு, மலையைக் குடைந்து செல்லும் சுரங்கவழியே திருப்பப்பட்டு, மாத்தளை மாவட்டத்து உக்குவளையிலே சுழலிகளைச் சுழற்றுகின்றது. 1976ஆம் ஆண்டு தொடக்கம் அங்கே மின்சாரம் பிறக்கின்றது. அந்நீர் சுது கங்கையிற் கலந்து அம்பன் கங்கையை அடைந்து, போவதென்னையிலே 1981இல் இயங்கத் தொடங்கிய மற்றுமொரு மின்னிலையத்திற்கும் உதவுகின்றது. மின்சாரத்தை நீரிலே பிறந்த நெருப்பு என்று கூறுதல் இம்மாவட்டத்தாருக்கு வெறும் அணியன்று. கண்கூடாகக் காணும் செய்தியாகும்.

அந்நெருப்பு இன்று இல்லந்தோறும் புகுந்துள்ளது. முதியோர் இல்லங்கள், பெற்றோரை இழந்த சிறுவர் வளரும் விடுதிகள், உடற்குறையும் உளநோயும் உடையோரைப் பேணும் மனைகள், தோட்டங்களிலுள்ள பிள்ளைமடுவங்கள் ஆகிய யாவற்றிலும் ஒளியும் வெந்நீரும் மருத்துவக் கருவிகளும் மின்சாரத்தாலேயே அமைகின்றன. பேணுவதற்கு அது பெருந்துணை. எனினும், கட்டுக்குள் நில்லாத மின்சாரம் தீயாக மாறும்போது, அம்மனைகளில் உறைவோருக்கு நேரும் இடர் ஏனையோருக்கு நேர்வதினும் பன்மடங்கு கொடியது. அதன் காரணத்தையும், அதனைத் தடுக்கும் நெறிகளையும் ஆராய்தல் பயனுடைத்து.

சாதாரண இல்லமொன்றிலே தீப்பற்றினால், அங்கிருப்போர் புகையை முகர்ந்து விழித்து, கதவைத் திறந்து, முற்றத்துக்கு ஓடுவர். கட்டடம் எரிந்தாலும் உயிர் தப்பும். தீக்காப்பு விதிகள் பலவும் இவ்வாறு ஓடவல்ல மனிதனை எண்ணியே வகுக்கப்பட்டவை. பேணுமனையில் இருப்போரோ படுக்கையை விட்டு எழ இயலாத முதியோர், அபாய மணியின் பொருளறியாத குழந்தைகள், நினைவு தடுமாறியோர், உறக்க மருந்து உண்டு துயில்வோர். இவர்களிடம் ஓடித் தப்புக என்று கூறும் விதி, விதியாகாது. ஓட இயலாதாரை வைத்திருக்கும் கட்டடம், ஓடுதற்குப் பதிலாக வேறொன்றை அவர்களுக்கு அளித்தல் வேண்டும். தீ தோன்றாதிருக்கும்படி மின்னிணைப்பைச் செம்மையாக வைத்தலும், தோன்றியதைத் தோன்றிய அறையிலேயே அடைத்து வைத்தலும், பேணுவோர் வந்து தூக்கும்வரை காலத்தை ஈட்டிக் கொடுத்தலுமே அதன் கடன். பேணுமனைக்குரிய பாதுகாப்பு விதிகள் அனைத்தும் இந்த ஒரு கருத்தின் கிளைகளேயாம்.

ஏர்வாடி தந்த பாடம்

இக்கருத்தைத் தமிழுலகம் மிகுந்த துயரத்தோடு கற்றது. தமிழ்நாட்டில் இராமநாதபுர மாவட்டத்துக் கடற்கரையூராகிய ஏர்வாடியில், தர்க்காவை நாடி வந்த உளநோயாளரை வைத்திருந்த தனியார் மனைகள் பல இருந்தன. 2001ஆம் ஆண்டு ஓகத்து மாதம் 6ஆந் திகதி விடியற்காலையில் அவற்றுள் ஒன்றிலே தீ மூண்டது. ஓலை வேய்ந்த கொட்டகை. உள்ளேயிருந்தோர் சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தனர். 28 பேர் மாண்டனர். அயலிலிருந்தோர் கூக்குரலைக் கேட்டும், பூட்டுக்களை அவிழ்த்து முடிப்பதற்குத் தீ இடங்கொடுக்கவில்லை. சில நாட்களுள் ஏர்வாடியிலிருந்த அத்தகைய மனைகள் மூடப்பட்டு, ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் அரசின் பராமரிப்புக்கு மாற்றப்பட்டனர். இந்திய உயர் நீதிமன்றமும் இவ்விடயத்தைத் தானாகவே விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

ஏர்வாடியைக் கேள்வியுற்றோர் சங்கிலியைக் கண்டு வெகுண்டனர்; அது தக்கதே. ஆயினும் அந்நிகழ்ச்சியின் பொருள் சங்கிலியோடு முடிந்துவிடவில்லை. திறவுகோல் ஒருவர் மடியிலும் பூட்டு மற்றோரிடத்திலுமாக இருக்கும் கதவு, நோயாளி வெளியே போய்விடுவாரென்ற அன்பான அச்சத்தினாற் பூட்டப்பட்டதாயினும், தீயின்முன் சங்கிலியின் வேலையையே செய்கின்றது. கள்வருக்கு அஞ்சிச் சாளரத்தில் அறைந்த இரும்புக் கம்பியும் அத்தகையதே. பேணுவோரின் நோக்கம் நல்லதாயிருத்தல் கட்டடத்தின் குறையை நீக்காது.

ரோஸ்பார்க் தந்த பாடம்

ஏர்வாடி வறுமையின் விளைவு என்றும், செல்வ நாடுகளில் அவ்வாறு நிகழாதென்றும் எண்ணுதல் கூடும். அவ்வெண்ணத்தை மறுப்பது ஸ்கொட்லாந்து நாட்டில் உடிங்ஸ்டன் என்னும் ஊரிலே நிகழ்ந்த தீ. அங்கே 1992இல் திறக்கப்பட்ட ரோஸ்பார்க் முதியோர் இல்லம் புதிய கட்டடம். கற்சுவரும் மெத்தையிட்ட கட்டிலும் தீயறிவிக்கும் மணியும் உடையது. 2004ஆம் ஆண்டு சனவரி 31ஆந் திகதி விடியுமுன் அங்கே தீப்பற்ற, முதியோர் 14 பேர் உயிரிழந்தனர். 2011இல் வெளிவந்த நீதி விசாரணை அறிக்கை அதன் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து விளக்கியது.

நடைபாதையின் ஓரத்திலிருந்த ஓர் அலுமாரிக்குள் மின்பகிர்வுப் பெட்டி இருந்தது. அப்பெட்டியின் உலோகத் தகட்டிலிருந்த துளைவழியே ஒரு வடம் உட்சென்றது. துளையின் கூரிய விளிம்பை மறைக்கும் காப்பு வளையம் இல்லாமையால், நாளடைவில் வடத்தின் உறை தேய்ந்து, உள்ளிருந்த செம்புக்கம்பி தகட்டைத் தொட்டுத் தீப்பொறி சிந்தியது. அதே அலுமாரியில் எளிதில் எரியும் பொருள்களும் வாயுவடைத்த தெளிகலன்களும் வைக்கப்பட்டிருந்தன. மணி ஒலித்தது, ஆனால், பணியிலிருந்த நால்வரும் தீ எப்பகுதியில் உள்ளதென்று பெட்டியைப் பார்த்துத் தெளிய இயலாமல் வேறிடத்தைத் தேடினர். தீயணைப்புப் படைக்குச் செய்தி அனுப்புமுன் ஏறத்தாழ ஒன்பது நிமிடங்கள் கழிந்தன. படுக்கையறைக் கதவுகள் பல திறந்திருந்தன. நீண்ட நடைபாதை புகைக்குழலாயிற்று. தீ சிறியது; நெடுநேரம் எரியவுமில்லை. மாண்டோரைக் கொன்றது புகையே.

சில சதம் பெறுமதியுள்ள ஒரு வளையம், அலுமாரியில் வைக்கத்தகாத சில கலன்கள், மூடாத சில கதவுகள், பிந்திய ஓர் அழைப்பு: தனித்தனியே பார்க்கும்போது இவை யாவும் சிறு குறைகள். தகுந்த தீக்காப்புத் திட்டம் இருந்திருப்பின் அவ்விறப்புக்களிற் சிலவோ அனைத்துமோ தவிர்க்கப்பட்டிருக்கலாமென்று விசாரணை கண்டது. சிறு குறைகள் ஒரே வரிசையில் நிற்கும்போதே பேரிடர் விளைகின்றது. ஆதலின், அவ்வரிசையை எங்காயினும் ஓரிடத்தில் அறுத்தலே காப்பின் வழியாகும்.

மின்சாரம் தீயாகும் வகை

வரிசையின் முதற்கண்ணி மின்னிணைப்பு. மின்னோட்டம் பாயும் கம்பி வெப்பமடைகின்றது. அவ்வெப்பம் ஓட்டத்தின் வருக்கத்திற்கும் தடைக்கும் ஏற்ப வளர்கின்றது என்பது மாணவர் அறிந்த விதி. இலங்கையில் இல்லங்களுக்கு வரும் மின்னழுத்தம் 230 உவோற்று. 2,000 உவாற்று வலுவுள்ள நீர்க்கேத்தல் ஏறத்தாழ 8.7 அம்பியரையும், 1,000 உவாற்று வலுவுள்ள துணி அழுத்தி ஏறத்தாழ 4.3 அம்பியரையும் ஏற்கின்றன. இரண்டுங் கூடி 13 அம்பியர் ஆகின்றன. இவற்றை 5 அம்பியருக்கென அமைந்த மெல்லிய நீட்டிப்பு வடமொன்றிலே ஒருங்கே செருகினால், ஓட்டம் 2.6 மடங்காகின்றது, வெப்பமோ ஏறத்தாழ ஏழு மடங்காகின்றது. வடத்தின் உறை மெழுகுபோல் இளகுதலில் வியப்பில்லை. அவ்வடம் மெத்தையின் கீழோ கம்பளத்தின் கீழோ கிடப்பின் வெப்பம் வெளியேற வழியுமில்லை.

இதனைத் தடுக்க வைக்கப்பட்ட காவலன் உருகி. ஓட்டம் மிகும்போது அதன் மெல்லிய கம்பி உருகிச் சுற்றை அறுக்கும். அடிக்கடி அறுகின்றதே என்று சலித்து, கைக்கெட்டிய தடித்த செம்புக் கம்பியை அவ்விடத்திற் கட்டிவிடும் வழக்கம் பழைய கட்டடங்களில் உண்டு. அப்போது உருகி உருகாது. சுவருக்குள்ளிருக்கும் வடமே உருகியின் தொழிலைச் செய்யும். அடிக்கடி அறுகின்ற உருகி தொல்லை தருவதன்று. சுற்றின்மீது ஏற்றிய பாரம் மிகையென்று அறிவிப்பது. இக்காலத்துச் சுற்றுடைப்பான்கள் இத்தவற்றுக்கு இடங்கொடாமையால் உருகியினும் சிறந்தன.

ஆயினும் உருகிக்கும் சுற்றுடைப்பானுக்கும் புலப்படாத ஒரு கேடு உண்டு. அது தளர்ந்த பொருத்து. ஆளியிலோ செருகுதளத்திலோ ஒரு திருகாணி தளர்ந்து, அவ்விடத்தில் அரை ஓம் தடை உண்டாயிற்றென வைத்துக்கொண்டால், 10 அம்பியர் ஓட்டம் பாயும்போது அங்கே 50 உவாற்று வெப்பம் பிறக்கும். அது பற்றாசு பிடிக்கும் மின்சூட்டுக்கோலின் வெப்பத்துக்கு ஒப்பாகும். பிறக்கும் இடமோ நகக்கண்ணளவினது. ஓட்டம் மிகவில்லையாதலின் எந்தக் காவலனும் அதனை அறியான். செருகுதளம் பழுப்பேறுதல், தொட்டாற் சுடுதல், மீன்நாற்றம் போன்றதொரு நாற்றம் வீசுதல், விளக்கு மினுங்குதல் என்பனவே அதன் அறிகுறிகள். தகுதிபெற்ற மின்வினைஞர் காலந்தோறும் வந்து பொருத்துக்களைத் திறந்து பார்த்து இறுக்கிச் சோதித்தல் ஒன்றே இதற்குப் பரிகாரம். ரோஸ்பார்க்கில் தேய்ந்த வடமும் அத்தகைய சோதனையாலன்றி வெளிப்பட்டிராது.

இலங்கையின் பழைய கட்டடங்களில் 5 அம்பியர், 15 அம்பியர் வட்டத்துளைச் செருகுதளங்கள் இன்னும் காணப்படுகின்றன. சதுரத்துளையுடைய 13 அம்பியர் வகையே நாட்டின் நியமமாக ஏற்கப்பட்டுள்ளது. இருவகையும் கலந்துள்ள மனையில், ஒன்றை மற்றொன்றிற் பொருத்தும் இடைச்செருகிகள் பெருகுகின்றன. குச்சியைச் செலுத்தித் துளையைத் திறந்து செருகும் வழக்கமும் நுழைகின்றது. ஒவ்வோர் இடைச்செருகியும் தளரக்கூடிய மற்றுமொரு பொருத்தாதலின், செருகுதளங்களை ஒரே வகையாக மாற்றுதல் வீண்செலவாகாது.

கசியும் மின்சாரம்

மின்சாரம் தீயாக மாறாமலும் உயிரைக் கொள்ளும். ஈரமான உடலின் தடை ஏறத்தாழ 1,000 ஓம் எனக் கொள்ளின், 230 உவோற்று அழுத்தம் அதனூடு 230 மில்லியம்பியரைச் செலுத்தும். இதயத்தின் துடிப்பைக் குலைப்பதற்கு அதனினும் மிகக் குறைந்த ஓட்டமே போதியது. 5 அம்பியர் உருகியோ 5,000 மில்லியம்பியரைத் தடையின்றி விடும். ஆகவே, உருகி கம்பியைக் காக்குமேயன்றி மனிதரைக் காவாது.

மனிதரைக் காப்பது, பொதுமக்கள் ‘ட்ரிப் சுவிட்ச்’ என வழங்கும் மீதியோட்டச் சுற்றுடைப்பான். உயிர்க்கம்பி வழியே சென்ற ஓட்டமும் நொதுமற்கம்பி வழியே மீண்ட ஓட்டமும் சமமாயிருத்தல் வேண்டும். வேறுபாடு 30 மில்லியம்பியரை எட்டுமாயின், எங்கோ மின்சாரம் கசிகின்றதென்று உணர்ந்து, அது நொடியின் ஒரு சிறுபகுதிக்குள் சுற்றை அறுக்கின்றது. வடத்திலிருந்து உலோகத் தகட்டுக்குப் பாயும் கசிவையும் அறியுமாதலின், தீ மூளும் முன்னரே அணைத்துவிடும் வாய்ப்பும் அதனால் உண்டு.

மலைநாட்டிலே இக்கருவியின் தேவை மிகுதி. இலங்கையில் ஒவ்வோர் இல்லமும் தனக்கெனப் புவித்தொடுப்புக் கோலொன்றை நிலத்திற் பதித்துக்கொள்கின்றது. இரத்தோட்டை, எல்கடுவை முதலிய மலைச்சரிவுகளில் பாறை மிகுந்த நிலம் மின்னை எளிதில் ஏற்காது. கோலின் தடை 50 ஓம் ஆயின், கருவியின் உலோகவுடலை உயிர்க்கம்பி தொட்டபோதும் நிலத்துக்குப் பாயும் ஓட்டம் 4.6 அம்பியரளவே. 5 அம்பியர் உருகி அதனால் அறாது. கருவியின் உடலோ தொடுவோருக்காகக் காத்திருக்கும். மீதியோட்டச் சுற்றுடைப்பான் அந்த ஓட்டத்தில் நூற்றிலொரு பங்குக்கும் குறைவானதையே அறிந்து செயற்படும். அதன் முகத்திலுள்ள சோதனைப் பொத்தானை மாதந்தோறும் அழுத்திப் பார்த்தல் நன்று. அழுத்தியும் அறாத கருவி சுவரில் தொங்கும் அணிகலனே.

உயிர்க்கம்பியையும் நொதுமற்கம்பியையும் ஒருவர் ஒருங்கே தொடின் இக்கருவி அதனை அறியாது. ஆதலால், பிள்ளைமடுவங்களிலும் நினைவு தடுமாறியோர் உறையும் அறைகளிலும், துளை மூடியுள்ள செருகுதளங்களைக் கைக்கெட்டா உயரத்தில் அமைத்தலும் வேண்டும்.

புகையும் கதவும்

எவ்வளவு முயன்றாலும் தீ ஒருநாள் தோன்றலாம். அப்போது முதற்பகை சுடரன்று, புகையே. முற்றாக எரியாத பொருளிலிருந்து எழும் காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. குருதியிலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனினும் இருநூறு மடங்குக்கு மேலான பற்றுடன் இணைவது. துயில்வோர் துயிலிலேயே மயங்குவர். செயற்கை நுரைமெத்தையும் நெகிழிப் பொருள்களும் நிறைந்த இக்காலத்து அறையொன்று சில நிமிடங்களுக்குள்ளேயே முழுவதும் தீக்கிரையாதல் கூடும். மூச்சுக்கு உதவும் ஒட்சிசன் கருவிகள் உள்ள அறையிலோ, துணியும் படுக்கையும் ஒட்சிசனை உறிஞ்சியிருப்பதால் சிறுபொறியும் விரைந்து பரவும்.

எளிய கணக்கொன்று நிலையை விளக்கும். எழ இயலாத 24 முதியோரும், இரவில் இரு பணியாளரும் உள்ள இல்லமொன்றை எண்ணுக. ஒருவரைத் தூக்கி வெளியே கொண்டுசெல்ல இருவருக்கும் மூன்று நிமிடம் ஆகுமாயின், அனைவரையும் வெளியேற்ற 72 நிமிடம் வேண்டும். அத்துணைக் காலத்தை எந்தத் தீயும் தராது. அவ்வில்லத்தையே, தரையிலிருந்து கூரைவரை எழுந்த சுவராலும் 30 நிமிடம் தீயைத் தாங்கும் கதவாலும் நான்கு பகுதிகளாகப் பிரிப்பின், தீப்பற்றிய பகுதியிலுள்ள அறுவரை மட்டும் கதவுக்கப்பால் நகர்த்தினாற் போதும். 18 நிமிடத்திற்குள் அது முடியும். ஏனையோர் தத்தம் படுக்கையிலேயே இருக்கலாம். படியிறங்காமல் ஒரே தளத்திலே பக்கத்துப் பகுதிக்கு நகர்த்தும் இம்முறையே மருத்துவமனைகளுக்கும் பேணுமனைகளுக்கும் தக்கதென உலகெங்கும் கொள்ளப்படுகின்றது.

இம்முறை முழுவதும் கதவின்மேல் நிற்கின்றது. மரக்கட்டையாலோ நாற்காலியாலோ திறந்து நிறுத்தப்பட்ட தீக்காப்புக் கதவு கதவன்று. முதியோருக்குக் கனத்த கதவைத் தள்ளுதல் அரிதாதலின், மின்காந்தத்தால் திறந்து நின்று, மணி ஒலித்தவுடன் தானே மூடிக்கொள்ளும் கதவுகள் அமைக்கப்படுகின்றன. அவற்றை வாங்க இயலாத இல்லத்திலும், இரவில் ஒவ்வொரு படுக்கையறைக் கதவையும் மூடிவைக்கும் பழக்கத்திற்குச் செலவேதுமில்லை. கூரையினுள் சுவருக்கு மேலே இடைவெளி இருப்பின் கதவினாற் பயனில்லை. புகை மேல்வழியே செல்லும். நெடுந்தொடராய் ஒரே கூரையின்கீழ் அமைந்த லயன்களில் ஒரு காம்பராவிற் பற்றிய தீ ஏனையவற்றுக்கும் தாவுவது இதனாலேயே. பிள்ளைமடுவமோ முதியோர் இல்லமோ பழைய கட்டடமொன்றில் அமையும்போது முதலில் ஆராயவேண்டிய இடம் கூரையின் உட்புறமாகும்.

வெளிக்கதவு உள்ளிருந்து திறவுகோலின்றித் திறக்கப்படல் வேண்டும். நினைவு தடுமாறியோர் தெருவுக்குச் சென்றுவிடாதவாறு பூட்டுதல் தேவையாயின், தீமணி ஒலித்தவுடனும் மின் தடைப்பட்டவுடனும் தானே விடுபடும் பூட்டு உண்டு. அதுவும் இயலாதாயின், பணியிலிருக்கும் ஒவ்வொருவரின் உடலிலும் திறவுகோல் இருத்தல் வேண்டும். அலுவலகத்துச் சுவரில் அன்று. மின்சாரம் அறும்போதும் எரியும் அவசர விளக்குகள் வெளியேறும் வழியைக் காட்டுதலும் இன்றியமையாதது.

நீர்த்தெளிப்பும் செலவும்

கூரையில் அமையும் தானியங்கி நீர்த்தெளிகருவி ஓட இயலாதாருக்கு மிகச் சிறந்த துணை. அதன் வாயை அடைத்துள்ள சிறு கண்ணாடிக் குமிழ், பொதுவாக 68 பாகை வெப்பத்தில் வெடித்து நீரை விடுகின்றது. தீக்கு அண்மையிலுள்ள தெளிவாய் மட்டுமே திறக்குமாதலின், இல்லம் முழுவதும் வெள்ளமாகுமென்ற அச்சம் வேண்டியதில்லை. கனடாவின் கியூபெக் மாகாணத்து லீல் வேர்ட் என்னுமூரில், 2014ஆம் ஆண்டு சனவரி 23ஆந் திகதி முதியோர் இல்லமொன்று எரிந்து 32 பேர் மாண்டனர். தெளிகருவியற்ற பழைய பகுதி அழிந்தது. பின்னர் சேர்த்துக் கட்டிய, தீத்தடுப்புச் சுவரும் தெளிகருவியும் உடைய பகுதி நிலைத்து நின்றது. ஒரே இல்லம், ஒரே இரவு. இரு பகுதிகளின் முடிவோ வேறு.

நன்கொடையால் நடைபெறும் சிறு இல்லத்துக்கு அத்தகைய அமைப்புப் பெருஞ்செலவாகலாம். அதனால் யாதும் செய்ய இயலாதென்று இருந்துவிடுதல் பொருந்தாது. எழ இயலாதாரைத் தரைத்தளத்திலே வைத்தல், மின்பெட்டியுள்ள இடத்தில் பிறபொருள் வையாமை, புகையறிவிக்கும் கருவிகளை ஒவ்வோர் அறையிலும் பொருத்துதல், மின்தீக்குக் காபனீரொட்சைட்டு அணைகலனையும் பிற தீக்களுக்கு உரிய கலன்களையும் எளிதில் எடுக்குமிடத்தில் வைத்தல், மின்சாரத்தை முழுதும் அறுக்கும் தலைமை ஆளி எங்குள்ளதென்று யாவரும் அறிந்திருத்தல் ஆகியன சிறுபொருளாலும் பெருமுயற்சியாலும் ஆவன. மின்னிருக்கும் இடத்தில் நீரை ஊற்றலாகாதென்பதும் பணியாளர் அனைவரும் அறியவேண்டியது.

மாத்தளையின் இயல்புகள்

பொதுவிதிகள் எங்கும் ஒன்றாயினும், இடத்தின் இயல்புக்கேற்ப அவற்றுள் சில முதன்மை பெறும். மாத்தளையில் பருவமழைகளுக்கு இடைப்பட்ட மாதங்களில், பிற்பகலில் இடிமின்னல் மிகுதி. மலைச்சரிவு வழியே நெடுந்தூரம் வரும் மின்வடங்களில் மின்னல் தாக்கின், அழுத்தம் திடீரென உயர்ந்து கருவிகளையும் வடத்தின் காப்பையும் சிதைக்கும். எழுச்சித் தடுப்பான் ஒன்றைப் பகிர்வுப் பெட்டியிற் பொருத்துதலும், இடிமழைக்குப் பின்னர் மீதியோட்டச் சுற்றுடைப்பானைச் சோதித்தலும் தக்கன.

மின்தடை மற்றோர் இடர். 2022ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை நாடு மறவாது. அத்தகைய வேளைகளில் மெழுகுதிரியும் மண்ணெண்ணெய் விளக்கும் படுக்கையருகே வருகின்றன. சாமியறையில் ஏற்றிய திருவிளக்கும் அணையாதே எரிகின்றது. மின்கலத்தால் எரியும் விளக்குகளை முன்னரே வாங்கி வைத்தலும், திருவிளக்கைத் திரைச்சீலைக்கு எட்டாத கல்மேடையில் ஏற்றி, இரவுப் பணியாளர் துயிலிடத்துக்குச் செல்லுமுன் பார்த்து வருதலும் பக்திக்கு மாறானவையல்ல.

மலைப்பாதை வளைவுகளைக் கடந்து தீயணைப்பு வண்டி வந்துசேரக் காலம் ஆகும். ஆதலின், மணி ஒலித்தவுடனே, தீயைத் தேடுமுன்னரே, 110 என்ற இலக்கத்துக்கு அழைத்தல் வேண்டும். பொய்யழைப்பு ஆகுமோ என்ற கூச்சத்துக்கு ரோஸ்பார்க்கின் ஒன்பது நிமிடங்கள் விடை கூறும். தோட்டமாயின், வண்டி வரும் வழியில் வாயிற்பூட்டைத் திறந்து நிற்பவர் யார் என்பதும் முன்னரே குறிக்கப்படல் வேண்டும்.

சட்டமும் கடமையும்

இலங்கையில் 1941ஆம் ஆண்டின் அநாதையில்லக் கட்டளைச் சட்டமும், முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் இத்தகைய இல்லங்களைப் பதிவுசெய்ய வகைசெய்கின்றன. கட்டடங்களுக்கெனத் தீக்காப்பு ஒழுங்குவிதிகளும் உள்ளன. மின்துறையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு மேற்பார்வை செய்கின்றது. எனினும், கட்டி முடித்த நாளிற் பெற்ற சான்று அந்நாளின் நிலையையே கூறும். பத்தாண்டு கழிந்து, குளிரூட்டியும் வெந்நீர்க் கருவியும் மின்கட்டிலும் சேர்ந்தபின், அதே வடம் அதே பாரத்தைத் தாங்குவதில்லை. பழைய துரைமார் பங்களாவையோ வாழ்ந்த வீட்டையோ இல்லமாக மாற்றும்போது சுவருக்குச் சாயம் பூசுவோர், சுவருக்குள்ளிருக்கும் வடத்தையும் மாற்றவேண்டுமென எண்ணுவதரிது.

இல்லங்களுக்கு உதவும் அன்பரும் பழைய மாணவர் சங்கங்களும் ஈண்டு ஒன்றைக் கருதுதல் நன்று. பிறந்தநாளிலும் திவசத்திலும் அளிக்கும் அன்னதானம் போற்றத்தக்கது. அதனோடு, ஓராண்டுச் செலவில் மின்னிணைப்பைச் சோதிப்பித்தலும், ஒரு மீதியோட்டச் சுற்றுடைப்பானையோ பத்துப் புகையறிகருவிகளையோ பொருத்துவித்தலும் அதே அறத்தின் பாற்பட்டன. விஞ்ஞானம் கற்பிக்கும் ஆசிரியர் மாணவரோடு இல்லமொன்றுக்குச் சென்று, ஒவ்வொரு செருகுதளத்திலும் எத்தனை கருவிகள் தொங்குகின்றனவென்று எண்ணி, பாரத்தைக் கணக்கிட்டுப் பட்டியல் தருதல் நூலறிவைப் பயன்படுத்தும் நல்வழியாகும். திருத்தும் பணியை மின்வினைஞரே செய்தல் வேண்டும்.

அந்த இல்லத்தாருக்கு உரிய சோதனை ஒன்று உண்டு. ஆண்டில் இருமுறையேனும், பணியாளர் மிகக் குறைந்த இரவுவேளையொன்றில் தீமணியை ஒலிக்கச் செய்து பார்க்க. எந்தக் கதவு மூடவில்லை, எந்தத் திறவுகோல் கிடைக்கவில்லை, யாரைத் தூக்க எத்தனை நிமிடம் ஆயிற்று என்பவற்றைக் கையேட்டிற் குறிக்க. அக்குறிப்பிற் காணும் குறைகள் நீங்கும்வரை, அவ்வில்லத்தில் துயில்வோரின் உயிர் தற்செயலின் கையிலேயே இருக்கின்றது. நீங்கியபின், அவர்கள் ஓட இயலாதவராயினும் காக்கப்பட்டவராவர்.